மூன்று பேருக்குக் குறையாமல்

டோஹா
12 ஜனவரி 2025

தங்கச்சி றிஸானாவுக்கு,

உனக்கும் இஷாம் மச்சானுக்கும் உம்மாவுக்கும் என் சலாம். முந்தாநாள் நாம் இருவரும் போனில் போட்ட சண்டையில் உம்மாவின் பிரஷர் கூடிவிட்டதாம். இனிமேல் அந்தக் கட்டணப் பாதையைப் பற்றிப் போனில் ஒரு சொல்லும் பேசக் கூடாது, பேசியே ஆகவேண்டும் என்றால் எழுதித் தொலையுங்கள் என்று றமீஸா கட்டளை போட்டிருக்கிறாள். என் மனைவியின் கட்டளையை மீறுகிற துணிவு எனக்கு இல்லை. ஆகவே இந்த மின்னஞ்சல். இதில் ஒரு நன்மையும் உண்டு. எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

நிதானமாகக் கேள். கல்முனைப் பக்கமிருந்து மட்டக்களப்பு டவுனுக்கு வர நமக்கு இருப்பது ஒரே வீதி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. காலையில் பள்ளிக்கூட வான், பஸ், மீன் லொறி, கார் எல்லாம் நம் ஊர் நடுவீதிப் பேரீச்சை மரங்களுக்குப் பக்கத்தில் வந்து சிக்கி நிற்கின்றன. போன லீவில் ஓர் அம்புலன்ஸ் ஆரையம்பதியில் கத்திக்கொண்டு நின்றதைக் கண்ணால் பார்த்தேன். கட்டணப் பாதை போட வருகிற கம்பனி என்ன கேட்கிறது? வாவிக்கரையோரமாகத் தன் செலவில் ஒரு புதுப் பாதை போடுகிறது. அவசரம் உள்ளவன் காசு கட்டி அதில் போகட்டும். மற்றவன் பழைய வீதியில் போகட்டும். அவசரக்காரன் விலகினால் பழைய வீதியும் இலேசாகும். இதில் யாருக்கு நட்டம்?

இங்கே கட்டுப்பாட்டு அறையில் நான் செய்கிற வேலையே இதுதான். திரையில் பாதைகளைப் பார்த்து, எங்கே நெரிகிறது, எதைத் திறப்பது என்று சொல்வது. அதே வேலையை ஊரில் தருவதாகக் கம்பனி எனக்கு உறுதி சொல்லியிருக்கிறது. ஊரில், றிஸானா. காலையில் வீட்டிலிருந்து போய் மாலையில் வீட்டுக்கு வருகிற வேலை. போன கிழமை நிஸ்றாவின் ரீச்சர், வாப்பா எங்கே என்று கேட்டிருக்கிறா. என்னைப் போனில் மட்டுமே பார்க்கிற என் மகள், "வாப்பாவ சார்ஜில போட்டிரிக்கி" என்றாளாம். றமீஸா சொன்னபோது நானும் சேர்ந்து சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

இருபத்தைந்தாம் திகதி பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிற கூட்டம் இருக்கிறது. நீ ஆசுபத்திரி லாபில் வேலை செய்கிறவள். உன் சொல்லுக்கு ஊரில் மதிப்பு உண்டு. எழுந்து ஆதரவாக ஒரு வார்த்தை சொல். அவ்வளவுதான் கேட்கிறேன்.

காக்கா
ஸாஹிர்


காத்தான்குடி
16 ஜனவரி 2025

காக்காவுக்கு,

நீங்கள் சொன்ன சலாத்தைவிடப் பெரிய சலாம் உங்களுக்கு. உம்மாவின் பிரஷர் இறங்கிவிட்டது. பொங்கலுக்கு, என்னோடு காரில் வருகிற கஜானி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சர்க்கரைப் பொங்கலில் உப்பு இல்லைதானே, டொக்டர் ஒன்றும் சொல்லமாட்டார் என்று சொல்லி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டா.

நிஸ்றா சொன்னதை வாசித்துவிட்டு அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. நீங்கள் ஊருக்கு வர வேண்டும் என்று என்னைவிட அதிகம் ஆசைப்படுகிறவர் றமீஸா மச்சி ஒருத்திதான். அதனால்தான் இதை எழுதக் கை வரவில்லை. காக்கா, என்னால் ஆதரவாகப் பேச முடியாது.

பெற்றோல் இல்லாத அந்த வருடம் உங்களுக்கு நினைவிருக்கும். கிழமைக்குத் தருகிற கோட்டா முடிந்தால் கார் வீட்டில்தான். அப்போதுதான் ஆரையம்பதிக் கஜானியும் நபீஸா ரீச்சரும் நானும் ஒரே காரில் போகத் தொடங்கினோம். ஒரு கிழமை என் கார், மறு கிழமை ரீச்சருடைய கார். கஜானியிடம் கார் இல்லை, அவள் கதை கொண்டு வருவாள். பெற்றோல் வந்த பிறகும் நாங்கள் நிறுத்தவில்லை. அவள் வேலை செய்கிற டவுன் வங்கியில் யார் யாரோடு கதைப்பதில்லை என்பது வரைக்கும் எனக்கு இப்போது தெரியும். அன்றிலிருந்து வீதியில் நிற்கும்போது மற்றக் கார்களைப் பார்க்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒரே ஒருவர், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. அவற்றுக்குப் பின்னால் ஒரு பஸ், ஜன்னல் வரைக்கும் ஆட்களோடு.

அவசரக்காரன் விலகினால் பழைய வீதி இலேசாகும் என்கிறீர்கள். யார் விலகுவார்? காசு உள்ளவர், பதவி உள்ளவர், சொன்னால் நடக்கக்கூடியவர். அவர் அந்த வரிசையில் நிற்காத நாளிலிருந்து அந்த வரிசையைப் பற்றிப் பேச ஆள் இருக்காது. வாவிக்கரையில் இறால் பிடிக்கிறவர்களைப் பற்றி நான் தொடங்கவே இல்லை.

ஆனால் இது உங்கள் வேலை. எதிர்த்தும் பேசமாட்டேன். கூட்டத்தில் பின்வரிசையில் வாயை மூடிக்கொண்டு இருப்பேன். அது போதுமா?

றிஸானா


டோஹா
27 ஜனவரி 2025

றிஸானா,

கூட்டத்து வீடியோ இங்கே வந்துவிட்டது. என் அறையில் இருக்கிற ஏறாவூர்ப் பொடியன் ஒருவன், "இது ஒங்கட தங்கச்சியா காக்கா, என்ன மாதிரிப் பேசுறா" என்று சந்தோஷமாகக் காட்டினான். மண்டபம் முழுக்கக் கை தட்டுகிறது.

வாயை மூடிக்கொண்டு இருப்பேன் என்று எழுதியவள் நீ.

இனிமேல் எழுதாதே.

ஸாஹிர்


காத்தான்குடி
29 ஜனவரி 2025

காக்காவுக்கு,

எழுதாதே என்றீர்கள், எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் வாசிக்க வேண்டாம். ஆனால் வாசிப்பீர்கள்.

நீங்கள் பார்த்த வீடியோவில் பாதிதான் இருக்கிறது. நான் பின்வரிசையில்தான் இருந்தேன். கம்பனிக்காரர் மரியாதையான மனிதர், அழகாக விளக்கினார். நீங்கள் எழுதியதெல்லாம் அவரும் சொன்னார். எனக்கே ஒரு நிமிடம், சரிதானே என்று தோன்றியது. அப்போது கஜானி எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். "பழைய வீதிய அகலமாக்கினா, இல்லாட்டி புதுசா பஸ் விட்டா, கம்பனிக்கு நட்டஈடு குடுக்க வேணும் எண்டு சொல்லுறாங்க. உண்மையா ஐயா?"

அவர் பொய் சொல்லவில்லை. ஓம் என்றார். முப்பது வருடத்துக்கு அப்படித்தான், இல்லாவிட்டால் போட்ட முதலை எடுக்க முடியாது என்றார். முப்பது வருடத்துக்குப் பழைய வீதியை யாரும் திருத்தக் கூடாது. காக்கா, அது முடியும்போது நிஸ்றாவுக்கு முப்பத்தேழு வயது. இது உங்களுக்குத் தெரியாது என்று நான் நம்புகிறேன்.

பிறகு யாரோ, வேறு வழி இருந்தால் சொல்லுங்கள், சும்மா குறை சொல்லாதீர்கள் என்று சத்தம் போட்டார்கள். என் கால் தானாக எழுந்துவிட்டது. அதன் பிறகுதான் உங்கள் வீடியோ தொடங்குகிறது. "நாங்க காலையில டவுனுக்குக் கொண்டு போறது ஆக்கள இல்ல, வெறும் சீட்டுகளத்தான். இரிக்கிற வீதியில ஒரு ஒழுங்கைய, அதாவது ஒரு லேன, காலையில மட்டும் பஸ்ஸுக்கும் அம்புலன்சுக்கும் மூணு பேருக்குக் குறையாத வாகனத்துக்கும் விட்டுத் தாங்க. புதுசா ஒண்டும் கட்டத் தேவல்ல."

வீடியோவில் இல்லாதது இதுதான். தலைமை தாங்கிய அதிகாரி கை தட்டல் முடியும் வரை பொறுத்திருந்து, சிரித்துக்கொண்டு, "நல்லம். ஆரையம்பதியிலிருந்து கல்லடிப் பாலம் வரைக்கும், நோன்பு தொடங்கும் வரைக்கும், நீங்களே ஒரு குழு சேர்த்துச் செஞ்சி காட்டுங்களன்" என்றார். யோசிக்கும் முன்னே ஓம் என்றுவிட்டேன். பெப்ரவரி பத்தாம் திகதி தொடங்க வேண்டும். பொலிஸ்காரர் நாலு பேரைத் தருவார்கள். மிச்சம் எல்லாம் நான்.

காக்கா, எனக்கு இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று பார்க்கத் தெரியும். ஒரு வீதியை எங்கே பிரிப்பது, பஸ்ஸை எங்கே நிறுத்துவது, ஒன்றும் தெரியாது. இஷாமிடம் கேட்கவும் வழியில்லை. அவருடைய துணிக்கடை வாசலில் கார் நிறுத்துகிற இடத்தைத்தான் முதலில் எடுத்திருக்கிறேன். அன்றிலிருந்து என்னோடு நேரே பேசுவதில்லை. "மாமி, ஒங்கட மகள்ட்டச் சொல்லுங்க, தேத்தண்ணி ஆறுதெண்டு" என்று உம்மாவிடம் சொல்கிறார். நான் பக்கத்துக் கதிரையில் இருக்கிறேன்.

இந்த வேலை தெரிந்தவர் உலகத்தில் எனக்கு ஒரே ஒருவர்தான். அவர் எனக்கு எழுதாதே என்கிறார்.

றிஸானா


டோஹா
1 பெப்ரவரி 2025

றிஸானா,

உதவமாட்டேன். என் வேலையை நானே கெடுக்க உதவச் சொல்லிக் கேட்க உன்னால்தான் முடியும்.

முப்பது வருட விஷயம் எனக்குத் தெரியாது. கம்பனிக்கு எழுதிக் கேட்டேன். உண்மைதான் என்று பதில் வந்தது. அதைப் பற்றி இப்போது பேச விரும்பவில்லை.

ஆனால் நீ அந்த வேலையைப் பிழையாகச் செய்தால் ஊரே சிரிக்கும். சிரிப்பது ஸாஹிருடைய தங்கச்சியைப் பார்த்து. அதனால் சொல்கிறேன். ஆரையம்பதிச் சந்தியில் பிரிக்காதே. சந்தியில் பிரித்தால் எல்லோரும் அங்கேயே நின்று யோசிப்பார்கள். சந்திக்கு நன்றாக முன்னால், வீதி நேராக இருக்கிற இடத்தில் பிரி. பேரீச்சை மரத்தை ஒட்டிய உள் ஒழுங்கையைப் பஸ்ஸுக்குக் கொடுத்துவிடாதே, ஆட்கள் நடுவீதியில் இறங்கிச் சாவார்கள். கடைப் பக்க ஒழுங்கையைக் கொடு. இஷாம் இன்னும் கோபிப்பான், கோபிக்கட்டும். பஸ் தரிப்பிடத்தை ஒவ்வொரு சந்திக்கும் முன்னால் அல்ல, பின்னால் வை. ஏன் என்று கேட்காதே, வைத்துப் பார். அரச பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒன்றை ஒன்று துரத்தி வந்தால் உன் ஒழுங்கை முதல் நாளே செத்துவிடும். இரண்டு தரப்பையும் ஒரு மேசையில் இருத்தி நேரத்தைப் பங்கிட்டுக் கொடு. அது முடியாத காரியம் என்பார்கள். நபீஸா ரீச்சரை அனுப்பு. என்னை ஐந்தாம் வகுப்பில் ஒரு பார்வையால் இருத்தியவ அவ.

இன்னொன்று. முதல் மூன்று நாளைக்கு யாருக்கும் தண்டம் எழுத விடாதே. மூன்று பேரோடு வருகிற ஒவ்வொரு காருக்கும் ஒரு துண்டு இனிப்புத் தொதல் கொடு. அதிவேகப் பாதையில் பறக்கிறவன் முகத்தை நான் தினமும் பார்க்கிறேன். அவனுக்கும் யாராவது தட்டிக் கொடுத்தால் பிடிக்கும். உன் ஆட்களுக்குக் கட்டாயம் பிடிக்கும்.

வரைபடம் இணைத்திருக்கிறேன். வேலை நேரத்தில் கீறியது, யாருக்கும் காட்டாதே.

ஸாஹிர்


காத்தான்குடி
18 பெப்ரவரி 2025

என் காக்காவுக்கு,

ஒரு கிழமை முடிந்துவிட்டது. உயிரோடு இருக்கிறேன். குரல்தான் இல்லை.

முதல் நாள் நாசம். மீன் லொறிக்காரர் தானும் உதவியாளும் பெட்டியில் ஒரு பெரிய பாரை மீனுமாக மூன்று என்றார். இரண்டாம் நாள் ஒரு கார் ஜன்னல் கண்ணாடிகளை உயர்த்திக்கொண்டு வந்தது. பின் சீட்டில் கறுப்பு அபாயாவில் ஒரு பெண். பொலிஸ்காரர் சலாம் சொன்னார். பதில் இல்லை. வெட்கப்படுகிறா என்று நினைத்து அனுப்பப் போனபோது கார் குலுங்கி, அந்தப் பெண்ணின் கை கழன்று மடியில் விழுந்துவிட்டது. பொலிஸ்காரர் பாவம், மயங்கத்தான் இல்லை. துணிக்கடைப் பொம்மை, காக்கா. எந்தக் கடை என்று கேட்காதீர்கள். இஷாமின் நண்பர் சும்மா இரண்டு நாளைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அன்று மாலை இஷாம் கடையைப் பூட்டிவிட்டு வந்து என் முன்னால் நின்று, இத்தனை நாளைக்குப் பிறகு நேரே சொன்ன முதல் சொல், "அவள வேலையால நிப்பாட்டிட்டன்." இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் உம்மா பயந்து எழும்பி வந்துவிட்டா.

தொதல் வேலை செய்கிறது. மூன்றாம் நாளே ஆட்கள் வீதியோரத்தில் நின்று, உங்கள் காரில் இடம் இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒருவர் குறைகிற காருக்கு ஆரையம்பதியில் கந்தப்போடி ஐயா இருக்கிறார். வட்டையில் வயல் வேலை முழுவதையும் அவருடைய பிள்ளைகள் பார்க்கிறார்கள், இவருக்கு வேலை இல்லை. வெள்ளை வேட்டியும் குடையுமாக வெள்ளனவே வந்து நிற்பார். ஆள் குறைந்த எந்தக் காரும் அவரை ஏற்றிக்கொள்ளலாம். பாலத்தடியில் இறங்கித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் பஸ்ஸில் திரும்பி வந்து அடுத்த காரில் ஏறுவார். களைப்பில்லையா என்று கேட்டேன். "வீட்டுக்குள்ள இருந்து என்ன புள்ள செய்யிற? இப்பதான் நாலு ஊர்ப் புதினம் தெரியிது" என்றார். அவரை ஏற்றுவது விதிக்கு அமைவானதா என்று எனக்குத் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நபீஸா ரீச்சர் பஸ்காரர் இரண்டு தரப்பையும் தன் வகுப்பறையில் சின்னப் பிள்ளைகளின் கதிரையில் இருத்தினா. முழங்கால் நெஞ்சில் முட்ட இருந்துகொண்டு எவ்வளவு நேரம் சண்டை போடலாம்? நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டு எழும்பினார்கள்.

சனிக்கிழமை நான் நாவற்குடாவில் கொடியோடு நின்றேன். பின்னால் அம்புலன்ஸ் சத்தம் கேட்டது. திரும்புவதற்குள் என்னைக் கடந்து போய்விட்டது. ஓரிடத்திலும் நிற்கவில்லை. நீங்கள் முதல் கடிதத்தில் எழுதிய அம்புலன்சை நினைத்தேன். அந்தக் கவலை உங்களுடையது, வழிதான் வேறாகிவிட்டது.

நீங்கள் செய்கிற வேலையைப் பற்றி ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இதைச் சும்மா நடத்த முடியாது. ரீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் பிந்துகிறா, எனக்கு லாபில் ஏச்சு விழுகிறது. நாங்கள் இல்லாத ஐந்து நிமிடத்தில் தனி ஆள் கார்கள் ஒழுங்கைக்குள் புகுந்துவிடுகின்றன. பார்க்கிறதற்குச் சம்பளம் வாங்குகிற, வேலை தெரிந்த ஆள் வேண்டும்.

றிஸானா


டோஹா
22 பெப்ரவரி 2025

தங்கச்சிக்கு,

பொம்மைக் கதையை அறையில் வாசித்துக் காட்டினேன். ஏறாவூர்ப் பொடியன் கட்டிலில் இருந்து கீழே விழுந்துவிட்டான். கந்தப்போடி ஐயாவுக்கு விதியில் தடை இல்லை. பயணியின் நோக்கம் என்ன என்று எந்த நாட்டுச் சட்டமும் கேட்பதில்லை.

கம்பனி எழுதியிருக்கிறது. மட்டக்களப்புத் திட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். என் வேலையும் அதோடு போய்விட்டது. றமீஸாவிடம் சொன்னேன். அழவில்லை, ஏசவில்லை. "சரி" என்றாள். அந்தச் சரியைத்தான் எனக்குத் தாங்க முடியவில்லை.

உன் மேல் கோபமா என்று நீ கேட்கவில்லை, பயத்தில் கேட்கமாட்டாய். இருந்தது. பிறகு ஒரு நாள் கட்டுப்பாட்டு அறையில் அதிவேகப் பாதை காட்டுகிற திரைக்குப் பக்கத்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மற்றப் பாதை. அதைப் பார்ப்பது என் வேலை இல்லை. ஒரு தொழிலாளர் பஸ் நின்ற இடத்திலேயே நின்றது. ஜன்னலில் ஒருவன் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். நம் ஊர் ஆளாகவும் இருக்கலாம். எனக்கு நீ சொன்ன வரிசைதான் நினைவுக்கு வந்தது.

அதற்காக நீ வென்றுவிட்டாய் என்று நினைக்காதே. கட்டணப் பாதை கெட்ட யோசனை இல்லை. இடம் இருக்கிற நாட்டில், பஸ்ஸும் ஒழுங்காக ஓடுகிற நாட்டில், அது இருக்கலாம். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நமக்கு அந்த இடம் இல்லை. அவ்வளவுதான். இதை மேடையில் சொல்லிவிடாதே.

நாங்களும் இப்போது நாலு பேர் ஒரு காரில்தான் வேலைக்குப் போகிறோம். ஓட்டமாவடிக்காரர் ஒருவர் இருக்கிறார், இத்தனை வருடமாக அடுத்த அறையில் இருந்திருக்கிறார், எனக்குத் தெரியாது. அவர் கிளறுகிற இறால் கறியை இங்கே எவராலும் கிளற முடியாது.

நோன்பு வருகிறது. உம்மாவை வெயிலில் அலைய விடாதே.

காக்கா


காத்தான்குடி
6 ஏப்ரல் 2025

காக்காவுக்கு,

பிந்திய பெருநாள் வாழ்த்து. நீங்கள் அனுப்பிய சட்டையை நிஸ்றா பெருநாள் அன்றே கிழித்துவிட்டாள், மாமரத்தில் ஏறி.

செய்தி இரண்டு இருக்கிறது. ஒன்று நல்லது. மற்றதும் நல்லதுதான், ஆனால் நீங்கள் ஏசுவீர்கள்.

ஒழுங்கையை நிரந்தரமாக்கிவிட்டார்கள். நோன்பு தொடங்கி நாங்கள் கொடிகளைச் சுருட்டிய மறுநாளே பழைய நெரிசல் வந்துவிட்டது. ஆட்கள் லாபுக்கே வந்து, இரத்தம் கொடுக்காமல், ஒழுங்கை எங்கே என்று கேட்டார்கள். கூட்டத்தில் எங்களை எதிர்த்த கடைக்காரர்கள் கூட, ஒழுங்கையைத் திரும்பக் கேட்ட மனுவில் கையெழுத்து வைத்தார்கள். இஷாமின் கடைக்கு முன்னால் இப்போது பஸ் தரிப்பிடம். பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் சும்மா நிற்கிறார்களா? உள்ளே வந்து துணியைத் தொட்டுப் பார்க்கிறார்கள். "நான் அப்பவே சொன்னன்தானே" என்கிறார் உங்கள் மச்சான். எப்போது சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

மற்றது. அரச பஸ்ஸுக்கும் தனியார் பஸ்ஸுக்கும் சேர்த்து ஒரே நேர அட்டவணை போட்டு, ஒழுங்கையையும் பார்த்துக்கொள்ள ஓர் அலுவலகம் திறக்கிறார்கள். அதற்கு ஒரு கட்டுப்பாட்டாளர் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. உங்கள் வேலையை இல்லாமல் செய்தவள் நான், இன்னொரு வேலையைத் தூக்கிக்கொண்டு வந்து நீட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் சொல்லவில்லை. றமீஸா மச்சிக்கு அந்த வெட்கம் இல்லை. உங்கள் சான்றிதழ்களின் பிரதியை எடுத்து, உங்களுக்காக விண்ணப்பம் அனுப்பிவிட்டா. அவரிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாமே என்றேன்.

"அவருக்கிட்டக் கேட்டா யோசிப்பார்" என்றா. "யோசிச்சா வரமாட்டார்."

சம்பளம் நீங்கள் இப்போது எடுப்பதில் பாதி கூட இருக்காது. எல்லாம் சொல்லிவிட்டேன். இனி ஏசுங்கள்.

றிஸானா


டோஹா
27 ஏப்ரல் 2025

தங்கச்சிக்கு,

ஏச நேரம் இல்லை. வியாழக்கிழமை வீடியோவில் நேர்முகம் நடந்தது. மூன்று பேர் இருந்தார்கள். வீதியைப் பற்றிக் கேட்ட கேள்விக்கெல்லாம் நன்றாகச் சொன்னேன். வரைபடம் ஒன்றைக் காட்டி, இதில் என்ன குறை என்று கேட்டார்கள். அது நான் உனக்குக் கீறி அனுப்பிய வரைபடம். குறையே இல்லை என்றேன்.

கடைசியில் தனியார் பஸ் சங்கத்துக்காரர், "எங்கட டிரைவர்மார் லேசில சொல்வழி கேக்கமாட்டாங்க. எப்பிடிச் சமாளிப்பீங்க?" என்று கேட்டார்.

"எனக்கொரு தங்கச்சி இரிக்கா" என்றேன். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். உன்னை அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்று காலை கடிதம் வந்தது. வேலை எனக்குத்தான்.

றமீஸாவிடம் சம்பளத்தைச் சொன்னேன். அதில் வீடு ஓடுமா என்று கேட்டேன். "ஒரு சீட் வெறுமையா ஓடினது போதும், நீங்க வாங்க" என்றாள். நீங்கள் இருவரும் சேர்ந்து என்னதான் பேசிக்கொள்கிறீர்களோ.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் வாறன். திரும்பிப் போகிற டிக்கெட் எடுக்கவில்லை. ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டும், அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.

காக்கா


இணைந்த நேர அட்டவணை அலுவலகம்
காத்தான்குடி
19 ஓகஸ்ட் 2025

திருமதி றிஸானா இஷாம் அவர்களுக்கு,

அம்மணி,

நேற்றுக் காலை உங்கள் கார் ஆரையம்பதிக் கமெராவையும் பாலத்தடிக் கமெராவையும் முன்னுரிமை ஒழுங்கையில் கடந்திருக்கிறது. இரண்டு படத்திலும் காரில் இருவர் மட்டுமே காணப்படுகின்றனர். ஒழுங்கையைப் பயன்படுத்த மூன்று பேருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது தாங்கள் அறியாததல்ல. அந்த விதியே தாங்கள் கேட்டு வாங்கியது.

முதல் தடவை என்பதால் தண்டம் இன்றி எழுத்து மூலம் எச்சரிக்கப்படுகிறீர்கள். விளக்கம் ஏதும் இருப்பின் எழுத்தில் தரவும்.

கட்டுப்பாட்டாளர்

இதைப் போனில் சொல்லியிருக்கலாம், நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறேன். ஆனால் தங்கச்சியை விட்டுவிட்டார் என்று நாளைக்கு ஒரு டிரைவர் சொல்லக் கூடாது. மற்றது, நபீஸா ரீச்சர் லீவு என்றால் கந்தப்போடி ஐயா நின்றாரே, அவரை ஏற்றியிருக்கலாமே? இந்த ஊரில் எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள், றிஸானா. நீயே இப்படிச் செய்யலாமா?


காத்தான்குடி
20 ஓகஸ்ட் 2025

கட்டுப்பாட்டாளர் அவர்களுக்கு,

எச்சரிக்கை கிடைத்தது. தங்கள் கமெரா நல்ல கமெராதான். ஆனால் எல்லாம் அதற்குத் தெரியாது.

திங்கட்கிழமை காலை அந்தக் காரில் மூன்று பேர் போனோம். ஓட்டியவள் நான். பக்கத்தில் கஜானி. கந்தப்போடி ஐயாவை ஏற்றத்தான் நிறுத்தினேன். அவர் குனிந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் அடுத்த காரில வாறன் புள்ள, நீ பாத்து ஓட்டு" என்று கதவைச் சாத்திவிட்டார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. எனக்கே வெள்ளிக்கிழமைதான் கிளினிக்கில் சொன்னார்கள்.

மூன்றாவது ஆள் இப்போது ஒரு நெல்மணி அளவுதான் இருக்கும் என்கிறார் டொக்டர். பெயர் இன்னும் இல்லை.

இஷாமுக்குச் சொன்னேன். கடைக்குள் வாடிக்கையாளர் முன்னாலேயே அழுதுவிட்டார். உங்களுக்கு நேரில் சொல்லத்தான் திங்கட்கிழமை பின்னேரம் அலுவலகத்துக்கு வந்தேன். நீங்கள் ஒரு பஸ்காரரை றேடியோவில் ஏசிக்கொண்டிருந்தீர்கள். நிஸ்றா உங்கள் மேசைக்குக் கீழே படுத்துப் படம் கீறிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கதவடியில் நின்று பார்த்துவிட்டு, சொல்லாமலே வந்துவிட்டேன். அந்த நேரத்தில் அது போதுமாக இருந்தது.

உம்மாவுக்கும் றமீஸா மச்சிக்கும் இன்னும் தெரியாது. மேற்படி விளக்கத்தை ஏற்று எச்சரிக்கையை மீளப்பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

றிஸானா இஷாம்


(அதே தாளின் அடியில், ஸாஹிரின் கையெழுத்தில்)

பிறக்காத பயணியைக் கணக்கில் சேர்க்க விதியில் இடம் இல்லை. தேடிப் பார்த்தேன். இனிச் சேர்க்க வேண்டும். எச்சரிக்கை மீளப்பெறப்படுகிறது.

இதை வாசிக்கும்போது றமீஸா பின்னால் நின்று எட்டிப் பார்த்துவிட்டாள். அவள் போட்ட சத்தத்தில், நிஸ்றாவைப் பார்க்க வந்திருந்த உம்மாவும் எழும்பி வந்துவிட்டா. இப்போது நாங்கள் எல்லோரும் உன் வாசலில்தான் நிற்கிறோம். பெல் வேலை செய்யவில்லை, நிஸ்றாதான் இந்தத் தாளைக் கதவுக்குக் கீழால் தள்ளுகிறாள்.

கதவத் திற, தங்கச்சி.